முப்பது செல்லில் ஓடிய மைக்

காது கொஞ்சம் நன்றாகக் கேட்கிறவனுக்குத் தலைக்கனம் வந்துவிட்டால் அவனைக் கரை சேர்ப்பது கஷ்டம். இருபத்து நான்கு வயதில் எனக்கு வந்திருந்தது. கோட்டைக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை நான். சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை கேட்டிருந்தேன். நீங்களே பதிவு செய்தது ஏதாவது இருந்தால் அனுப்புங்கள் என்றார்கள். ஏதாவது ஒன்றை அனுப்புகிற ஆளா நான்? பழைய சாமான் சந்தையில் என் நைனா வயதுள்ள ஒரு கண்டென்சர் மைக்கைப் பிடித்து வந்தேன்.

பேட்டரி இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு. அதற்கென்று இருந்த நாற்பத்தைந்து வோல்ட் பேட்டரியை இப்போது யாரும் செய்வதில்லை. பழவேற்காட்டில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் நண்பன் காசிம் கணக்குப் போட்டான்.

"ஒன்றரை வோல்ட் செல்லு முப்பது இருந்தா வரிசையா கோத்துடலாம்டா. முப்பதுக்கு எங்க போவ?"

எனக்குத் தெரியும். கடலில் விரித்த வலை மற்ற படகுகளின் கண்ணில் படுவதற்காக மிதவைகளில் சின்ன விளக்குகள் கட்டுவோம். நைனாவிடம் பதினைந்து விளக்குகள், ஒவ்வொன்றிலும் இரண்டு செல். (கடையில் வாங்கியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். என் மனைவி தினமும் கேட்கிறாள்.)

அன்று ஊரில் ஒரு பெரியவர் இறந்திருந்தார். அடக்கம் முடியும்வரை யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. அவர் மகன் துபாயிலிருந்து வர வேண்டும், அதனால் அடக்கம் நாளைக்குத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். முப்பது செல்லையும் கழற்றிக்கொண்டு காசிம் வீட்டுக்குப் போய்விட்டேன். விடியற்காலையில் பழவேற்காடு ஏரிப் பறவைகளைப் பதிவு செய்வது திட்டம். பெரிய கலைஞன் அல்லவா, தொந்தரவு வேண்டாமென்று போனை வேறு அணைத்து வைத்திருந்தேன்.

மகனோ மத்தியானமே வந்து இறங்கிவிட்டார். மூன்று மணிக்கு அடக்கம். ஐந்து மணிக்கு எங்கள் ஊர்ப் படகுகள் கடலில்.

மறுநாள் விடியலில் காதில் ஹெட்போனும், பக்கத்தில் காசிம் செல்களைக் கோத்துக் கொடுத்த பெட்டியுமாக எங்கள் ஊர் ஏரிக்கரையில் உட்கார்ந்தேன். கடலுக்குப் போகும் படகுகளும் முகத்துவாரம் வழியாக அங்கேதான் கரை சேரும். என்ன துல்லியம்! நாரை தண்ணீரில் கால் வைப்பதுகூடக் கேட்டது. பிறகு ஒரு படகின் இன்ஜின். அது கரை தட்டும் சத்தம். பிறகு காதுக்குள்ளேயே நைனாவின் குரல்.

"இன்னாடா பண்ணிக்கினு கீற?"

திரும்பினேன். படகில் பாதி வலை கந்தலாகக் கிடந்தது.

"வலைய விட்டப்புறந்தான் விளக்குல செல்லு இல்லேன்னு தெரிஞ்சுது. விடிய விடிய வலையோட இந்த முனையில நின்னு டார்ச்ச ஆட்டிக்கினு இருந்தேன். அந்த முனையில எவனோ வலை மேல படக ஏத்திட்டுப் பூட்டான்." நைனா கத்தவே இல்லை. "அந்தப் பெட்டியில இன்னா?"

"செல்லு, நைனா."

"எத்தினி?"

"முப்பது."

"எண்ணு, கேப்போம்."

எண்ணினேன். ஒன்றிலிருந்து முப்பதுவரை, வாய்விட்டு. நைனாவின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. மைக் அதையும் விடாமல் பிடித்துக்கொண்டது.

பன்னிரண்டு நாள் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பின்னினேன். அதுவரை நைனா அடுத்தவர் படகில் ஏறிப் போனார். அவர் போகும்போதெல்லாம் நான் தலையைத் தூக்கவில்லை.

இதற்கிடையில் பறவைச் சத்தத்தை மட்டும் வெட்டிச் சென்னைக்கு அனுப்ப நினைத்தேன். இருந்த மனநிலையில் முழுப் பதிவையும் வெட்டாமல் அப்படியே அனுப்பிவிட்டேன். நான்காம் நாள் போன் வந்தது.

"பறவை பரவாயில்லைங்க. அந்தப் பெரியவர் குரலைப் பிடிச்சிருக்கீங்க பாருங்க, பிரமாதம். எப்ப வேலைக்கு வர்றீங்க?"

நைனாவிடம் சொன்னேன். வலையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "தூங்காத வந்து பேசுனது நானு, வேலை உனுக்கா?"

இன்றும் நான் ஊருக்குப் போயிருந்தால், நைனா கடலுக்குக் கிளம்பும் முன் பட்டப்பகலில் பதினைந்து விளக்குகளையும் என் எதிரே வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவார். என் பிள்ளைகள் சத்தமாகச் செல் எண்ணுவார்கள். முப்பது வந்த பிறகுதான் படகு தண்ணீரில் இறங்கும்.