பச்சைக் கேட்டு வீட்டு லினக்ஸ்

"வாங்க தம்பி, வாங்க! உங்களுக்காகத்தான் காலையில இருந்து காத்துக் கெடக்கோம்" என்று கேட்டைத் திறந்துவிட்ட உடையப்பன், பாண்டியராஜை நேராகக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தது ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால்.

பாண்டியராஜுக்குத் திக்கென்றது. வடமதுரையிலிருந்து பஸ் மாறி, இந்த ஆத்தூருக்கு அவன் பெண் பார்க்க வந்திருக்கிறான். "பச்சைக் கேட்டு வீடு. மொதல்ல நீங்க மட்டும் போய்ப் பாருங்க, புடிச்சிருந்தா பெரியவங்க வரட்டும்" என்று அனுப்பியவர் தரகர் சடையாண்டி. பெண்ணின் போட்டோவைக்கூடக் காட்டவில்லை. நேரில் பார்த்தால்தான் ராசியாம். இதுவரை பார்த்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. இதையும் கோட்டை விட்டால் வீட்டுப் பக்கம் வராதே என்று அம்மா கிளம்பும்போதே சொல்லியிருந்தாள்.

"பாப்பா இதுல விண்டோசுக்குப் பதிலா லினக்சு போட்டிருக்கு. கெளம்பவே மாட்டேங்குது. செத்த பாருங்க."

ஓஹோ, பரீட்சையா! அந்தக் காலத்தில் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். இப்போது மாப்பிள்ளையை லினக்ஸ் கிளப்பச் சொல்கிறார்கள் போல. எல்லாம் இந்தச் சடையாண்டியால் வந்த வினை! பாண்டியராஜ் கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பது நிசம்தான். ஆனால் அங்கே ஆட்களை ஏற்றி இறக்கும் வேன்களுக்கு நேரம் போடுவதுதான் அவன் வேலை. அதை மட்டும் தரகர் அப்படியே முழுங்கிவிட்டார்.

"முன்னாடியும் ரெண்டு பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க, தம்பி" என்றாள் உடையப்பனின் மனைவி சுந்தரம்மாள். "ஒண்ணும் சரிப்பட்டு வரல. கடைசியா வந்தவரு இப்ப போனே எடுக்க மாட்டேங்குறாரு."

எழுந்து ஓடிவிடலாமா என்று பாண்டியராஜ் வாசலைப் பார்த்த நேரம், பெண் டீயோடு வந்தாள். சாதாரணச் சுடிதார், தலையில் பூவுமில்லை. சிங்காரிக்காமலே அம்புட்டு அழகு!

"சாயங்காலம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் கிளாஸ் எடுக்கணும். எப்படியாச்சும் சரி பண்ணிருவீங்கல்ல?"

"இதென்ன பிரமாதம்!" என்று வாய் தன்னால் சொல்லிவிட்டது. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த நிமிஷமே முடிவும் செய்துவிட்டான். எங்கிருந்தோ நெய்யில் முந்திரி வறுபடும் வாசம் வந்தது. கேசரி தயாராகிறது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டான்.

பட்டனை அமுக்கினான். கருப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாய் நாலு வரி ஓடி, அத்தோடு நின்றது. "ஒரு போன் பேசிட்டு வாரேன்" என்று கொல்லைப் பக்கம் போய் ஆல்வினை அழைத்தான். ஆல்வின் அதே கம்பெனியில் நிசமாகவே லினக்ஸ் பார்ப்பவன்.

"டிஸ்க்குல கோளாறு மாப்ள. நான் அனுப்புற கமாண்ட அப்படியே அடி. என்ன கேட்டாலும் எஸ்ஸுக்கு ஒய் குடு."

அன்றைக்கு அவனை மாப்ளை என்று கூப்பிட்ட ஒரே ஆள் ஆல்வின்தான். இவர்கள் வாய்க்கு வாய் தம்பி என்றார்கள். வெட்கமாக இருக்கும், பாவம்.

ஒய், ஒய், ஒய் என்று தட்டித் தள்ளினான். திரை உயிர் பெற்றது! பெண் கைதட்டிவிட்டு பாஸ்வேர்டு போட்டாள். திரை ஒரு சிமிட்டுச் சிமிட்டி, மறுபடியும் பாஸ்வேர்டு கேட்டது. திரும்பப் போட்டாள். திரும்பக் கேட்டது.

மறுபடியும் கொல்லை.

"டிஸ்க்கு ரொம்பி வழியுதுடா. பழைய லாகு ஃபைல மட்டும் தூக்கு."

தூக்கினான். தூக்குகிற கை சும்மா இருக்குமா? பேரே விளங்காத ஒரு ஃபோல்டரையும் சேர்த்துத் தூக்கிவிட்டுப் பெட்டியை மறுபடி கிளப்பினான். இந்தத் தடவை உள்ளே விட்டது. "சபாஷ் தம்பி!" என்று உடையப்பன் இளநீர் வெட்ட அரிவாளோடு முற்றத்துக்குப் போனார்.

"எல்லாம் சரி, நெட்டைக் காணோமே?" என்றாள் பெண்.

கொல்லைக்கு ஓடினான்.

"அடப்பாவி, அந்த ஃபோல்டர்லதான்டா வைஃபை விவரமெல்லாம் இருந்துச்சு! இனிமே எதையும் தொடாத" என்று ஆல்வின் அலறினான்.

தொடாமல் இருந்தால் கல்யாணம் எப்படி நடக்கும்? சுந்தரம்மாளிடம் ஒரு சேஃப்டி பின் வாங்கி, வைஃபை பெட்டியின் பின்னாலிருந்த சின்ன ஓட்டையில் விட்டு நன்றாக ஒரு அமுக்கு அமுக்கினான். பெட்டியில் மினுக்கிய விளக்கெல்லாம் அணைந்தது. கூடத்து டிவியில் அழுதுகொண்டிருந்த மருமகள் அழுத வாக்கிலேயே நின்றுபோனாள்.

"ஏக்கா சுந்தரம்!" என்று எதிர் வீட்டிலிருந்து ஒரு குரல். "உங்க நெட்டு என்னாச்சு? வீட்டுல விருந்தாளி இருக்கையில ஒரு போட்டோ அனுப்ப முடியலையே!"

பெண்ணின் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் பாண்டியராஜ் உடைந்துபோனான்.

"என்னைய மன்னிச்சிருங்க. எனக்கு லினக்சும் தெரியாது, ஒரு வெங்காயமும் தெரியாது. கம்பெனியில நான் வேன் விடுற டிபார்ட்மெண்ட்டு."

கலங்கிய கண்ணோடு அவள் பக்கென்று சிரித்துவிட்டாள். "முன்ன வந்த ரெண்டு பேரும் தெரிஞ்ச மாதிரியே பேசிட்டுப் போனாங்க. நீங்க ஒருத்தராச்சும் உண்மையச் சொன்னீங்க. ஆமா, தெரியாம எதுக்கு இம்புட்டு நேரம் மல்லுக்கட்டுனீங்க?"

"எல்லாம் உங்களுக்காகத்தான். எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு."

சுந்தரம்மாள் வாயைப் பிளந்தாள். பெண்ணுக்குக் காதெல்லாம் சிவந்தது. முற்றத்தில் இளநீர் உருண்டோட, உடையப்பன் மட்டும் அரிவாளோடு உள்ளே வந்தார்.

அதே நேரம் கேட் கிரீச்சிட்டது. தோளில் ஸ்க்ரூடிரைவர் துருத்திய பையும், நெற்றி நிறையக் குங்குமமும், கழுத்தில் ரோஜா மாலையுமாக ஒருவன் தயங்கித் தயங்கி நின்றான்.

"கோவிச்சுக்காதீங்கய்யா, செம்பட்டில இருந்து கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு நான் அப்பவே வந்துட்டேன், எதுத்த வீட்டுக் கேட்டும் பச்சையா இருக்கவும் அங்க நுழைஞ்சுட்டேன், வாங்க மாப்ளன்னு கேசரியக் குடுத்து பொண்ணையும் காட்டுனாங்க, எனக்கும் புடிச்சிருந்துச்சு, சரின்னுட்டேன்!"