பஸ் மாமாவின் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

வாழ்க, மூக்குக்கண்ணாடிக்கடையின் இருட்டறையில் பதினெட்டு ஆண்டுகள் வீற்றிருந்து, ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று ஊராரின் கண்களை வினவி வினவியே தன் தொந்தியை வளர்த்த பெருந்தகை! வாழ்க, அகவை நாற்பத்தேழில் அரைக்கால் சட்டை அணிந்து வெளியே வரத் துணிந்த நெஞ்சுரம்! வாழ்க அவனது இடது முழங்கால்! வலது முழங்காலைப் பற்றி உரிய இடத்தில் உரைப்போம்.

தலைவனின் பெயரைச் சொல்லிக் கதையைத் தொடங்குவதே மரபு. ஆனால் இவனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. மனைவியின் சுற்றத்தார் அனைவரும், பேசப் பழகிய மழலைகள் ஈறாக, அவனை ‘பஸ் மாமா’ என்றே அழைத்தனர். அப்பெயரை அழிக்கவே அவன் ஓடினான்.

அப்பெயர் வந்த வரலாறு இது. மாரத்தான் என்னும் பெரும்போரில், களைத்துப் பின்தங்குவோரை அள்ளிக்கொள்ள ஒரு வெள்ளை பஸ் வரும். சரியாக ஆறு மணி நேரத்தில் எல்லைக்கோட்டைத் தொடும்படி அளந்த வேகத்தில் அது ஊர்ந்து வரும். அது யாரை முந்துகிறதோ அவருக்கு ஓட்டம் முடிந்தது, மறுபேச்சின்றி ஏறிக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு முப்பத்தோராம் கிலோமீட்டரில் அது நம் தலைவனை முந்தியது. ஏறினான், ஜன்னலோரம் சாய்ந்தான், வாய் பிளந்து உறங்கினான். அந்த பஸ்ஸை ஓட்டியவனோ அவன் மனைவியின் உடன்பிறந்த தம்பி. எந்தப் பகைவனும் செய்யத் தயங்குவதை மைத்துனன் தயங்காமல் செய்வான் அல்லவா? வாய் பிளந்த அக்கோலத்தைப் படம்பிடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் ஏற்றினான். அறுபத்து நான்கு பேர் சிரித்தனர். அவர்களில் மனைவியும் ஒருத்தி.

அன்றே வஞ்சினம் உரைத்தான் தலைவன்: “அடுத்த வருஷம் அந்த பஸ் என் முதுகைத்தான் பார்க்கும்!” உரைத்தது குளியலறையில் என்பதால் கேட்டவர் எவருமிலர். ஆயினும் சொன்ன சொல் தவறாமல், முந்நூறு விடியல்களில், போர்வைக்குள் இருந்த உலகமெல்லாம் ஏளனம் செய்ய எழுந்து ஓடினான். தெருநாய்கள் முதலில் துரத்தின, பிறகு துணைக்கு வந்தன, கடைசியில் சலித்துப்போய்ப் படுத்துக்கொண்டன. இரண்டு கால்நகங்கள் கறுத்து உதிர்ந்தன. வலது முழங்கால் மாடிப்படி இறங்குகையில் பழைய கதவைப் போல ஒலி எழுப்பியது. பனியன் உராய்ந்து மார்பில் புண்ணானதால் அவ்விரு இடங்களிலும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டான். போருக்குப் புறப்பட்ட காலையில் அவன் இல்லாள் வாயிற்படியில் நின்று விடைகொடுத்தாள்.

“ஜெயிக்கவா போறீங்க? முழுசா வந்து சேருங்க, அது போதும்.”

ஐந்து மணிக்குத் துப்பாக்கி முழங்கியது. ஐயாயிரம் இணைக் காலணிகள் தார்ச்சாலையை அறைந்தன. அந்தோ, முதல் பத்துக் கிலோமீட்டரின் மயக்கத்தை என்னென்று சொல்வது! கால்கள் தம்முடையவை அல்ல என்பதுபோல இலேசாக இருந்தன. இளைஞர்களை முந்தினான், முந்தியபின் திரும்பிப் பார்த்து இரக்கமும் பட்டான். இருபத்தொன்றாம் கிலோமீட்டரில் முன்பின் அறியாத ஒரு பெண்மணி, அவன் மார்பில் குத்தியிருந்த எண்ணைப் படித்து, “மூவாயிரத்து நாப்பது, சூப்பரா ஓடுறீங்க!” என்று கூவினாள். பதினெட்டு ஆண்டுகளாக எவரும் அவன் தொழிலில் அவனை அவ்வாறு பாராட்டியதில்லை. அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

வந்த கண்ணீர் காய்வதற்குள் இறக்கமும் தொடங்கியது. எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர், கைபேசியைக் காதில் வைத்து, “ஆமாடி, சாவியைப் பக்கத்து வீட்லதான் குடுத்திருக்கேன்” என்று உரையாடியவாறே அவனைக் கடந்து சென்றார். அவருக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. முப்பதாம் கிலோமீட்டரில் தொடைகள் மரக்கட்டையாயின. முப்பத்திரண்டில், இந்தப் பூமியில் எவன் முதன்முதலில் ஓடினானோ அவனை மனமாரச் சபித்தான். முப்பத்துமூன்றில், முன்னர் அவன் இரக்கப்பட்ட இளைஞர்கள் ஒவ்வொருவராக வந்து முந்தினர், அவர்களும் இரக்கப்பட்டனர். முப்பத்துநான்கில் பின்புறம் ஒரு மெல்லிய உறுமல் கேட்டது.

திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையுமில்லை. வெள்ளை பஸ் வந்துவிட்டது. அதன் ஜன்னல்களில், முந்தப்பட்ட மறவர்கள் கழுத்தில் துண்டும் கையில் பிஸ்கட்டுமாக, இனி யாதொரு கவலையும் இல்லாத முகத்தோடு அமர்ந்திருந்தனர். ஓட்டுநர் இருக்கையிலிருந்து தலையை நீட்டினான் மைத்துனன்.

“மாமா, ஏசி போட்டிருக்கேன்.”

தலைவன் பார்வையைத் தார்ச்சாலையில் பதித்து அடுத்த அடியை எடுத்து வைத்தான்.

“ஜன்னல் சீட்டு ஒண்ணுதான் பாக்கி. போன வருஷம் நீங்க உக்காந்த அதே சீட்டு. உங்களுக்குன்னே வச்சிருக்கேன்.”

கேட்டீர்களா இந்த வஞ்சகத்தை! வேலெறிந்திருந்தால் விலகியிருப்பான்; வசை பொழிந்திருந்தால் வாயடைத்திருப்பான்; குளிர்ந்த காற்றையும் மெத்தென்ற இருக்கையையும் காட்டி அழைக்கும் மைத்துனனை எந்த மறவன் வெல்வான்? கால்கள் இரண்டும் ஒருமனதாகப் பேருந்தின் பக்கம் சாய்ந்தன. அக்கணத்தில் அவன் செவியில் ஒலித்தது, சென்ற மாதம் பிறந்தநாள் விழாவில் ஒரு மூன்று வயதுக் குழந்தை கேட்ட கேள்வி: “பஸ் மாமா, உங்க பஸ் எங்க?” தலைவன் பல்லைக் கடித்தான். ஓடினான். ஓட்டம் என்று அதைச் சொல்வது நம் பெருந்தன்மை.

இவ்வாறு ஏழு கிலோமீட்டர் நடந்தது அந்த அறப்போர்: முன்னே நொண்டும் மாமா, பின்னே உறுமும் மச்சினன், இருவருக்கும் இடையே இருபது அடி. நாற்பத்தொன்றாம் கிலோமீட்டர்ப் பலகையைக் கடந்தபோது, தொலைவில் எல்லைவளைவு தெரிந்தது. எந்நாளும் பிறர் கண்ணைச் சோதித்தவனுக்கு அது இரண்டாகத் தெரிந்தது. எது தெளிவு, எது மங்கல் என்று அவன் ஆராய்ந்துகொண்டிருந்த அவ்வேளையில் வலது காலணியின் கயிறு அவிழ்ந்தது.

ஐயகோ! குனிந்து கட்டினால் நிமிர முடியாது. கட்டாமல் ஓடினால் இடறி விழுவான். நாம் முன்னர் உரைப்போம் என்று ஒத்திவைத்த வலது முழங்கால், மடங்க மாட்டேன் என்று அக்கணமே அறிவித்தது. தலைவன் நட்டநடுச் சாலையில் நின்றான். முந்நூறு விடியல்களும், உதிர்ந்த நகங்களும், சாமானியமான ஒரு கயிற்றின் முனையில் வந்து தொங்கின. அவனுக்கு அழுகை வந்தது. அழவும் திராணி இல்லை. பின்னால் பஸ் நெருங்கியது. ஒரு மிதி மிதித்தால் முந்திவிடும். ஓராண்டுப் பெயர் ஆயுள்பெயராகிவிடும்.

பஸ் முந்தவில்லை, நின்றது. கதவு திறந்தது. இறங்கி வந்தான் மைத்துனன். சீருடைச் சட்டை கசங்குவதையும் பாராமல், தார்ச்சாலையில் மண்டியிட்டு, தன் மாமனின் அழுக்கேறிய காலணியைப் பற்றிக் கயிற்றை இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டான்.

“ஏன்டா?” என்றான் தலைவன். அன்றைய பொழுதில் அவன் பேசிய முதல் சொல் அது.

“நீங்க விழுந்து வாரினா அக்கா என்னையில்ல கேப்பா? போங்க மாமா. நான் மெதுவாதான் வருவேன்.”

ஜன்னல்களிலிருந்த மறவர்கள் அனைவரும் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினர். தலைவன் ஓடினான், இம்முறை உண்மையாகவே ஓடினான். கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தான். வியர்வை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எல்லைக்கோட்டை அவன் மிதித்த பின்னரே வெள்ளை பஸ் அதைத் தொட்டது. கையில் கடிகாரத்தோடு நின்ற அதிகாரி, ஒரு நிமிடம் தாமதமாக வந்ததற்கு ஓட்டுநரிடம் விளக்கம் கேட்டார்.

“சிக்னல் சார்” என்றான் மைத்துனன். ஆறு மணி நேரமாக அடைக்கப்பட்டிருந்த அச்சாலையில் ஒரு சிக்னலும் எரியவில்லை. அதிகாரி தலைவனின் காலணியைப் பார்த்தார், ஓட்டுநரின் முழங்காலில் ஒட்டியிருந்த தார்த்தூளைப் பார்த்தார், பிறகு எதையும் எழுதாமல் குறிப்பேட்டை மூடினார்.

முழங்குக முரசே! மூவாயிரத்து நாற்பதாம் எண்ணுடைய மாவீரனின் கழுத்தில் பித்தளை நிறப் பதக்கம் ஏறியது! பஸ் மாமா என்னும் பழிப்பெயர் பொடிப்பொடியாயிற்று! இனி அவன் மண்ணில் எந்த வாகனத்துக்கும் தலைவணங்கான், எவர் நீட்டும் இருக்கையிலும் அமரான், தன் இருகால்களே தேராக, தன் வியர்வையே கொடியாக, வெற்றித்திருமகள் வழிகாட்ட, இல்லாள் காத்திருக்கும் மனைநோக்கி ஏறுபோல் நடப்பான் என்று எட்டுத்திசைக்கும் அறிவிப்போமாக!

ரோடு மதியம்வரை அடைத்திருந்ததால் ஆட்டோ எதுவும் வரவில்லை, அதனால் அந்த பஸ்ஸிலேயே ஏறி, பாக்கியிருந்த ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனான்.