குடிலுக்குள் ஒரு கண்டக்டர்

மூன்றாவது நாளும் வெள்ளரிக் கொடிகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் நின்றன. எதிரே தேவநாதனும் அப்படியேதான் நின்றார்.

கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தீபாவளிக் கூட்டத்தையே அசராமல் சமாளித்த மனிதருக்கு, காடாம்புலியூரில் மனைவி அமிர்தம் போட்டிருந்த பசுமைக்குடிலைச் சமாளிக்கத் தெரியவில்லை. தெரிய நியாயமும் இல்லை. இதுநாள்வரை அதன் வாசலைத் தாண்டி அவர் உள்ளே போனதே கிடையாது.

அமிர்தம் கர்ப்பப்பை ஆபரேஷனுக்காகச் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். அவள் கிளம்பிய அன்று இவரும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

“நீங்க எங்க வர்றீங்க? பவானி இருக்கா, போதும். எனக்கு ரத்தம் எடுத்தப்பவே நீங்க மயக்கம் போட்டு உழுந்து, நர்ஸுங்க என்ன உட்டுட்டு ஒங்கள பாத்தாங்க.”

“இல்ல அமிர்தம், நான் வெளியிலயே ஒக்காந்துக்கறேன்...”

“அப்பறம் வெள்ளரிய யாரு பாக்கறது? காலையில தெரைய சுருட்டணும், சாயந்திரம் எறக்கணும், கால்மணி நேரம் தண்ணி உடணும். நான் வர்ற வரைக்கும் அதுங்க ஒங்க பொறுப்பு.”

பொறுப்பு என்று யாராவது சொல்லிவிட்டால் தேவநாதனுக்கு முதுகு நிமிர்ந்துவிடும். பையைக் கீழே வைத்துவிட்டார்.

முதல் நாள் காலை, குடிலின் பக்கவாட்டுத் திரைகளைச் சுருட்டினார். கொஞ்சம் காற்றடித்தது. செடிக்கு ஆகாதோ என்று பயந்து உடனே இறக்கினார். மத்தியானம் உள்ளே அனல் தகித்து இலைகள் துவண்டுபோயின. தாகம் போலிருக்கிறது என்று சொட்டுநீரை இரண்டு மணி நேரம் திறந்துவிட்டார்.

மறுநாள் பாத்தியெல்லாம் சேறு. கொடிகள் இன்னும் துவண்டிருந்தன. கொஞ்சம் குளிரட்டுமே என்று மேலே பனி மாதிரித் தூவும் குழாயையும் திறந்தார். மூடிய குடிலுக்குள் ஈரம் போக வழியில்லாமல், இலைக்கு இலை வெள்ளையாகப் பூஞ்சை பூத்துக் கிளம்பியது. சரி, காயட்டும் என்று திரைகளோடு கதவையும் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். எதிர்வீட்டு ஆடுகள் இரண்டு உள்ளே வந்து அவையும் சாப்பிட்டன. தன் பழைய விசிலை ஊதி அவற்றை விரட்டுவதற்குள் ஒரு வரிசை காலி.

சாயந்திரம் மகள் பவானி போன் செய்தாள்.

“செடியெல்லாம் எப்பிடி இருக்குன்னு அம்மா கேக்குதுப்பா.”

“ஜம்முன்னு இருக்குன்னு சொல்லு. காய்ங்க கொத்துக் கொத்தா தொங்குது.”

அந்தப் பக்கம் அமிர்தம் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“எதுக்கு சிரிக்குது?”

“தெரியலப்பா. சந்தோஷம் போல.”

தேவநாதன் போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கொடியில் பிஞ்சுகூட இல்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அவர் மனசுக்குள் அந்தச் செடிகளும் அமிர்தமும் ஒரே முடிச்சில் விழுந்துவிட்டார்கள். இவை பட்டுப்போனால் அவளுக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் போட்டுவிட்டுச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறிவிடலாம் போலவும் இருந்தது. பொறுப்பு விடவில்லை.

மூன்றாவது நாள்தான் ஆபரேஷன். துவண்ட கொடிகளுக்கு நடுவே சேற்றில் நின்று தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டார். பதினொரு மணிக்கு போன் அடித்தது.

“அப்பா, நல்லபடியா முடிஞ்சிடுச்சு. அம்மா கண்ணு முழிச்சிடுச்சு.”

தேவநாதன் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து தேம்பினார்.

“அழுவாதீங்கப்பா. காய் தொங்குதுன்னீங்களே, ஒரு ஃபோட்டோ அனுப்புங்க. அம்மாகிட்ட காட்டறேன்.”

அழுகை சட்டென்று நின்றது.

இப்போதுதான் வயிற்றைத் தைத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் அவளிடம் உண்மையைச் சொல்ல முடியுமா? வண்டியை எடுத்துக்கொண்டு பண்ருட்டி மார்க்கெட்டுக்கு ஓடினார். மூன்று கிலோ வெள்ளரிக்காயும் ஒரு நூல்கண்டும் வாங்கிவந்தார். குடிலில் விளைவது கரும்பச்சையாக, நீளமாக இருக்கும். மார்க்கெட்டில் கிடைத்ததோ வெளிறிப்போன குட்டை ரகம். தூரத்தில் நின்று எடுத்தால் தெரியாது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கட்டினார். எட்டாவது காயைக் கட்டியபோது கொடி முறிந்து அவர் தோளில் விழுந்தது.

வாசலில் யாரோ செருமினார்கள். அமிர்தத்துக்குத் தோட்ட வேலையில் கூடமாட நிற்கும் கொளஞ்சி. கையில் அரிவாளும் கோணிச் சாக்குமாக நின்று, காயையும் நூலையும் சேற்றையும் மாறி மாறிப் பார்த்தான்.

“கொளஞ்சி, ஒங்கக்காகிட்ட சொல்லிடாதடா,” நூல்கண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார் தேவநாதன். “தெரியாத்தனமா எல்லாத்தையும் கொன்னுட்டேன். தையல் ஆறட்டும், நானே அவகிட்ட சொல்லிடறேன்.”

“நீங்க எங்க மாமா கொன்னீங்க? இது காய்ச்சு ஓஞ்ச செடி, போன வாரமே புடுங்க வேண்டியது. ‘ஆபரேஷன் முடிஞ்ச சேதி வந்ததும் புடுங்கிக்கடா, அதுவரைக்கும் ஒங்க மாமா என்னைய நெனச்சு பயந்துகிட்டு ஒக்காராம இருக்கணும்’னு அக்காதான் உட்டு வெச்சிச்சு.”