கம்பம் எண் நாற்பத்தொன்று

அயனிக்கோணம் பேரூராட்சி எல்லைக்குள் மகேஷ்குமார் என்று ஒருவர் வாழ்ந்துவருவது எல்லோருக்கும் தெரியும். மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டால் மட்டும் அவர் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார்.

அவருக்கு நேந்திரங்காய் சிப்ஸ் தொழில். வீட்டில் வறுத்து, அருமனைப் பக்கத்துப் பேக்கரிகளுக்குப் போட்டுவிட்டு அந்திநேரம் திரும்புவார். வண்டி கறுப்பு. எண்ணெய்க்கறை தெரியக்கூடாது என்று சட்டையும் கறுப்பு. வீட்டுக்கு வரும் சாலையோ ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகிறது. மழைக்காலத்தில் அங்கே மத்தியானமே கோழி அடைந்துவிடும். தெருவிளக்கு வேண்டும் என்று ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்து, அதை எழுதியவரின் பேத்திக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது.

அந்தச் சாலையில் மகேஷ்குமாரை ஆட்டோ இடித்தது, பால் வண்டி இடித்தது, கடைசியில் கல்யாண வேன் ஒன்றும் இடித்தது. இடித்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். இறங்கிவந்து தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மனதார வருந்தி, "கண்ணுல படல்லியே அண்ணே" என்றார்கள்.

வேன் இடித்ததில் கால் முறிந்தது. மாவுக்கட்டுப் போட்ட காலுக்குத் தலையணை வைத்தபடியே மனைவி அஞ்சு சொன்னாள்: "இனி நாலு பேரு கண்ணுக்குத் தெரியுற மாதிரி போறதுன்னா போங்க. இல்லேங்கி வண்டியை வித்துடுங்க. எனக்கு ஓரோ அந்திக்கும் வாசல்ல நின்னு உசிரு போவுது."

அவள் கண் கலங்கியிருந்தது. கட்டுப் பிரித்ததும் மகேஷ்குமார் மார்த்தாண்டத்துக்குப் போனார்.

அங்கே ரெஜின் என்பவன் வண்டிகளுக்கு அலங்காரச் சாமான் மாட்டும் கடை வைத்திருந்தான். வண்டியின் வயிற்றுக்கு அடியில் ஊதா வெளிச்சம் வைத்து, ரோட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பளிச்சென்று காட்டிக்கொண்டு போகும் இளைஞர்கள் அவனுடைய வாடிக்கையாளர்கள்.

"எனக்கு ஃபேஷன் ஒண்ணும் வேண்டாம் மக்கா. நாலு பேரு என்னைக் கண்டாப் போதும்" என்றார் மகேஷ்குமார்.

"அதுக்குப் பேருதான் அண்ணே ஃபேஷன்."

முன்னால் தரையைப் பார்த்துச் சாய்ந்த இரண்டு வெள்ளை எல்.இ.டி., பக்கவாட்டில் மஞ்சள் பட்டை, பின்னால் பிரேக் பிடித்தால் மினுங்கும் சிவப்பு. சிப்ஸ் பெட்டியைச் சுற்றிலும் ஒரு வரிசை, ரெஜினின் அன்பளிப்பு. அன்று சாயங்காலம் எதிரே வந்த ஆட்டோ ஒதுங்கியது. பால் வண்டி ஒதுங்கியது. ஒரு பஸ்ஸே ஒதுங்கியது. மகேஷ்குமாருக்கு அழுகை வந்தது.

முக்குத் திரும்பியதும் போலீஸ்காரர் கை காட்டினார்.

"என்னடே இது, திருவிழாவா? வெளிச்சம் அளவுக்குக் கூடுதல். குற்றம்."

"சாரே, இப்ப வெளிச்சமே இல்லாம ஒரு வண்டி போச்சே, அதை நிறுத்தல்லியா?"

"வெளிச்சம் இல்லாத வண்டியை நான் எப்படிடே காண? கண்டாத்தானே நிறுத்த முடியும்?"

உரிய அதிகாரியிடம் அனுமதி வாங்கு, அல்லது கழற்று என்று சொல்லி அனுப்பினார். உரிய அதிகாரி யார் என்பதை அவர் சொல்லவில்லை. வண்டிகளைப் பதிவு செய்யும் ஆபீஸில் கேட்டால், விளக்கு என்பது மின்சாரம் சம்பந்தப்பட்டது என்றார்கள். மின்சார ஆபீஸில், ரோட்டில் விழும் வெளிச்சம் ரோட்டுக்காரருக்குச் சொந்தம் என்றார்கள். மகேஷ்குமார் பேரூராட்சிக்கு வந்து சேர்ந்தார்.

செயல் அலுவலர் கோலப்பன் நிதானமான மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார். தூங்கிவிட்டாரோ என்று மகேஷ்குமார் எழுந்திருக்கப் போனபோது கண்ணைத் திறந்தார்.

"வெளிச்சம் எங்க விழுது?"

"ரோட்டுல சாரே."

"ரோடு யாருக்க ரோடு?"

"பேரூராட்சிக்க ரோடு."

"பேரூராட்சி ரோட்டுல, அந்திக்கு மேல, பொதுஜனம் காணும்படியா எரியுற விளக்குக்கு என்ன பேரு?"

மகேஷ்குமார் யோசித்தார். "தெருவிளக்கு."

"நான் சொல்லல்ல. நீரே சொல்லியாச்சு" என்று கோலப்பன் கிளார்க்கைக் கூப்பிட்டார்.

மேற்படி சாலையில் தெருவிளக்கு இல்லை என்ற பொதுமக்களின் நெடுநாள் குறையானது, நகரும் தன்மையுடைய தெருவிளக்கு ஒன்றின் வாயிலாக முழுமையாக நிவர்த்தி செய்யப்பட்டதாகவும், ஆகவே மனு முடித்துவைக்கப்படுவதாகவும், மேற்படி விளக்கைக் கழற்றுவதோ அணைப்பதோ பொதுச்சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகக் கருதப்படும் என்றும் உத்தரவாயிற்று. ஏற்கெனவே ஊரில் நாற்பது கம்பங்கள் இருந்தபடியால், வண்டியின் டேங்கில் மஞ்சள் பெயிண்டில் 41 என்று எழுதினார்கள். மண்டையோடு வரைந்த 'அபாயம்' தகடு ஒன்றை மகேஷ்குமாரின் முதுகில் மாட்டிக்கொள்ளக் கொடுத்தார்கள்.

மறுநாள் அதே போலீஸ்காரர் டேங்கில் எண்ணையும் முதுகில் தகட்டையும் படித்துவிட்டு, "கம்பத்தை நான் எப்படி நிறுத்த? அது ஏற்கெனவே நிக்குற சாதனம்லா" என்று விட்டுவிட்டார்.

ஊர்க்காரர்களுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அந்தி மயங்கினால் மகேஷ்குமார் ரப்பர் தோட்டத்துச் சாலையில் மேலும் கீழும் ஓட்டவேண்டும். சாவியைத் தொலைத்தவர்கள் கை தட்டி நிறுத்தித் தேடினார்கள். சிலுவையின் டீக்கடை முன்னால் ஒருநாள் மூச்சு வாங்க நின்றபோது, யாரோ வந்து சிப்ஸ் பெட்டியில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிட்டுப் போனார். ஒருவர் ஆட்டைக் கட்டினார். நாய் வந்து பின்சக்கரத்தை முகர்ந்துவிட்டுக் காலைத் தூக்கியது.

சிப்ஸ் வறுக்க நேரமில்லை. ஆனாலும் யாரும் இடிக்கவில்லை என்பதால் அஞ்சுவும் அவரும் பொறுத்துக்கொண்டார்கள்.

ஐப்பசி மழையில் மகேஷ்குமாருக்குக் காய்ச்சல் கண்டது. கம்பளியைப் போர்த்துக்கொண்டு நடுங்கிக் கிடந்தார். அந்தி சாய்ந்த கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் பெரிய கூட்டம். குடையோடும் குடையில்லாமலும் ஊரே வந்திருந்தது. நலம் விசாரிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று அஞ்சு காப்பிக்கு வெந்நீர் வைக்கப் போனாள்.

"லைட்டு போஸ்ட் எரியல்ல" என்றார் டீக்கடைச் சிலுவை, கூட்டத்தின் சார்பில்.

"அவருக்குக் காய்ச்சலு அண்ணே. தூக்கித் தூக்கிப் போடுது."

"அது உங்க வீட்டு விஷயம். நாங்க இருட்டுல தடவிக்கிட்டு நிக்கோம்."

அஞ்சு வெந்நீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "இந்தக் கூட்டத்தோட ஒருநாளு, ஒரே ஒருநாளு, பேரூராட்சி ஆபீஸு முற்றத்துல போய் நின்னிருந்தா ரோடு முழுக்க விளக்கு வந்திருக்காதா?"

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. கேள்வி நியாயமானதுதான் என்று எல்லோருக்கும் தோன்றியது. சிலுவை அஞ்சுவிடம் தணிந்த குரலில் பதில் சொன்னார்.

"அங்க போனா ஆளு இருக்காதுல்லா மக்களே. இங்க ஆளு இருக்கு."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. மகேஷ்குமார் கம்பளியோடு எழுந்து வந்து, தகட்டை முதுகில் மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். அஞ்சு பின்னால் உட்கார்ந்து அவருக்குக் குடை பிடித்தாள். வெளிச்சத்தின் பின்னால் ஊர் திருப்தியாக நடந்தது. அவரவர் வீட்டுப் படி வந்ததும் அவரவர் ஏறிப் போனார்கள்.

கடைசியாக நடந்துவந்தவர் தன் வீட்டு வாசலில் நின்று சிலுவையிடம் சொன்னார்: "நடுங்கிட்டே ஓட்டுறான் பாத்தீரா? வெளிச்சம் ஆடுது. கண்ணு கூசுது. நாளைக்கு எல்லாரும் சேந்து போய் ஒரு மனு குடுத்துர வேண்டியதுதான்."

"யாருக்க மேல?"

"போஸ்ட்டுக்க மேலதான்."