ஆவியை எதிர்த்த புஷ்பராஜ்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஆவி எதிர்ப்பாளர் என்றோர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். ஞாயிறு பூசை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் மாதா கோயில் வாசலில் நின்று, இறந்தவர்களைக் கூப்பிடுவது சாத்தானின் வேலை என்று துண்டுப் பிரசுரம் நீட்டி, யார் வீட்டு மேசையில் கிளாஸ் தானாக நகர்ந்தது, யாருடைய மருமகள் குறி கேட்கப் போனாள் என்பதையெல்லாம் பங்குச் சுவாமிக்கு முன்பே அறிந்து வைத்திருப்பார். சாத்தானுக்கே இவ்வளவு தகவல் கிடைக்குமோ?

புஷ்பராஜ் அந்த இனத்தின் முதல் வரிசை. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றின் மாடி வீட்டில், பாக்கியலெட்சுமி என்ற அம்மா செவ்வாய்க்கிழமைகளில் ஆவிகளோடு கதைக்கிறார், நம்முடைய ஆட்களும் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், நேரில் ஆராய்ந்து அம்பலப்படுத்துவதாகப் பங்குக் கூட்டத்தில் அறிவித்தார். போனார். கழுத்தில் செபமாலை, பொக்கெட்டில் தீர்த்தப் போத்தல்.

யாரைக் கூப்பிட வேண்டும் என்று அம்மா கேட்டார். ஆராய்ச்சிக்கு யாராவது வேண்டுமே? போன வருடம் காலமான மனைவி மெட்டில்டாவின் பெயரைச் சொன்னார். அம்மா கண்ணை மூடினார், கொஞ்சம் இருமினார், பிறகு சலித்த குரலில் சொன்னார்:

"என்னப்பா இது சேட்? அயர்ன் பண்ணேல்லையா?"

எந்த மனைவியும் எந்தக் கணவனிடமும் கேட்கக்கூடியதுதான். புஷ்பராஜுக்கும் அது தெரியும். ஆனால் ஒரு வருடமாக அவரிடம் அதை யாரும் கேட்கவில்லை. தீர்த்தம் தெளிக்க மறந்து தேம்பித் தேம்பி அழுதார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், காத்திருப்போர் வரிசையில் மாதா சபைத் தலைவி. அவரும் ஆராயத்தான் வந்தாராம்.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், தட்டிக்கு முன் முழந்தாளிட்டு, புஷ்பராஜ் சுவாமியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சுவாமி கோபிக்கவில்லை. மெட்டில்டாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னார். செபத்தில் அவரோடு தாராளமாகக் கதைக்கலாம் என்றும் சொன்னார்.

"கதைக்கிறன் சுவாமி. ஒவ்வொரு நாளும் கதைக்கிறன். அவ பதில் சொல்லுவாவா?"

 தட்டிக்கு அப்பாலிருந்து, பாவத்துக்கு அபராதமாகச் செபமாலை ஒன்று சொல்லும்படி தாழ்ந்த குரல் வந்தது.

செபமாலை சொன்னார். பூசையும் வைத்தார். ஞாயிறு பிரசுரத்தையும் விடவில்லை. குரல் முன்னைவிட உரத்துத்தான் கேட்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் வெள்ளவத்தை பஸ்ஸிலும் அவரைக் காணலாம். ஆராய்ச்சி என்றால் ஒரு தடவையில் முடியுமா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் இந்தச் சமாசாரங்களை நம்பாதவர், படித்தவர். நல்லது. ஆனால் உங்கள் போனில், இனி எடுத்துப் பேச ஆளில்லாத ஒரு நம்பர் இன்னும் அழிக்கப்படாமல் இருக்கிறதே, அது எந்த ஆராய்ச்சிக்கு?