செமிசியின் கட்டைவிரல்

"செல்லாது!" கரையிலிருந்து பிஷப் ஹாவிலி கையை ஆட்டினார். "இடது கால் கட்டைவிரல் வெளியே தெரிஞ்சுது."

எல்டர் ஹாட்லாக் இடுப்பளவுக் கடலில் நின்றபடியே கண்களை மூடிக்கொண்டான். இது மூன்றாவது தடவை. மார்மன் சபையில் ஞானஸ்நானம் என்றால் உச்சிமுடியிலிருந்து கால் நகம்வரை ஒருசேர முங்க வேண்டும். இரண்டு சாட்சிகள் உற்றுப் பார்ப்பார்கள். நகம் தெரிந்தாலும் திரும்ப முதலிலிருந்துதான்.

ஊழியத்துக்கு வருகிற பையன்களைச் சபையில் எல்டர் என்பார்கள்; ஹாட்லாக்குக்கு இருபது வயது. அமெரிக்காவின் ஐடஹோவில் உருளைக்கிழங்குத் தோட்டத்தை விட்டு ஊழியத்துக்காகப் பசிபிக் தீவுநாடான டோங்காவுக்கு வந்து இன்றோடு இரண்டு வருடம். வவாவு தீவில் அவன் தட்டாத கதவில்லை. திறந்தவர்கள் எல்லாரும் வள்ளிக்கிழங்கு கொடுத்தார்கள், இளநீர் கொடுத்தார்கள், "எங்களுக்கு எங்க சபை இருக்கு தம்பி" என்று சிரித்துக்கொண்டே சாத்தினார்கள். ஒருவருக்காவது ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று அம்மாவுக்கு எழுதியிருந்தான்.

அந்த ஒருவர்தான் செமிசி. கடலட்டைக்கு முங்கிப் பிழைக்கிறவர். ஹாட்லாக்கைப்போல் மூன்று பேரைச் சேர்த்துச் செய்த உடம்பு. ஆறு மாதம் பாடம் கேட்டார், சபைக்கு ஆகாது என்றதும் ஆசையாகக் குடித்த தேநீரைக்கூட விட்டார். ஆனால் நாள் குறிக்கச் சொன்னால் மட்டும், "நீ ஊருக்குப் போற அன்னிக்கு வச்சுக்கலாம்" என்பார்.

அந்த நாள் வந்துவிட்டது. எதிரே துறையில் படகு நின்றது. பதினோரு மணிக்குக் கிளம்பும். அதை விட்டால் அடுத்த வாரம்தான்.

"இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போயிரலாம் தம்பி," என்றார் செமிசி.

போனார்கள். செமிசிக்கு நெஞ்சளவு வந்தபோது ஹாட்லாக்குக்கு மூக்களவு. நுனிக்காலில் நின்று வலது கையை உயர்த்தி, ஜெபத்தைத் தொடங்கிய நேரத்தில் ஒரு அலை வந்தது. செமிசி அவனைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

"இப்போ யாருக்கு ஞானஸ்நானம்?" என்று கரையிலிருந்து கத்தினான் எல்டர் கினிகினி. அவன் ஹாட்லாக்கின் கூட்டாளி, இரண்டாவது சாட்சி.

திரும்ப இடுப்பளவுக்கு வந்தார்கள். செமிசியின் அளவுக்கு வெள்ளை அங்கி ஊரிலேயே கிடையாது. அவர் மனைவி லவினியா படுக்கை விரிப்புகளைத் தைத்துக் கொடுத்திருந்தாள். முங்கியதும் அதற்குள் காற்று புகுந்து பூரியாய் உப்பியது.

"செல்லாது! அங்கி மிதக்குது."

அங்கியின் ஓரத்தில் கல்லை முடிந்தார்கள். அங்கி அடங்கியது. கட்டைவிரல் எழுந்தது.

"செல்லாது!"

"காலைக் கட்டிடுவோம்," என்ற கினிகினி தன் டையைக் கழற்றிக்கொண்டு வந்து, செமிசியின் இரண்டு கணுக்காலையும் சேர்த்து முடிச்சுப் போட்டான். இந்த முறை இரண்டு கட்டைவிரல்களும் சேர்ந்தே எழுந்தன.

பிஷப் தலையை மட்டும் ஆட்டினார்.

"உன் டையை அவுத்துக்கடா," என்றான் ஹாட்லாக்.

அவனுக்கு அலுப்பாக இருந்தது. இந்த ஒரு காலை நேரத்து அலுப்பில்லை. யாரும் கேட்காத ஒன்றை இரண்டு வருடம் வாசல் வாசலாகத் தூக்கிக்கொண்டு நடந்த அலுப்பு.

"வேணும்னா கினிகினி பண்ணட்டும் அண்ணே. நான் கிளம்புறேன்."

"உன் கையாலதான் முங்குவேன்," என்றார் செமிசி. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பன்னியை மண்ணடுப்புல வைக்கப் போறோம். அதைச் சாப்பிடாம அப்படி என்ன அவசரம் உனக்கு?"

"படகு அண்ணே!"

"சரி சரி, வா. இன்னொரு தடவை."

எட்டாவது தடவையும் கட்டைவிரல் வந்தது. ஒன்பதாவது தடவை அது சாவகாசமாக வந்து, வெயில் காய்ந்துவிட்டுப் போனது.

அப்போது துறையில் சங்கு ஊதியது. ஹாட்லாக் திரும்பிப் பார்த்தான். படகு கரையை விட்டு விலகி, மெதுவாக மூக்கைத் திருப்பி, திறந்த கடலைப் பார்த்து நகர்ந்தது. அவன் பெட்டி மணலில் கிடந்தது.

படகும் போயிற்று, ஞானஸ்நானமும் ஆகவில்லை. தண்ணீருக்குள் நின்றுகொண்டு அவன் அழுதான். கடல்நீரோடு கண்ணீர் கலந்ததால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தான்.

"ரெண்டு வருஷம் அண்ணே. இந்த ஊர்ல ஒருத்தருக்குக்கூட நான் தேவைப்படலை."

செமிசி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவன் தோளில் கை வைத்தார். "கடைசியா ஒரே ஒரு தடவை, தம்பி."

ஹாட்லாக் சோர்ந்துபோய் வலது கையை உயர்த்தினான்.

கரையில் பிரம்புப் பாயை உதறிக்கொண்டிருந்த லவினியா நிமிர்ந்து குரல் கொடுத்தாள்:

"ஏங்க, அதான் படகு போயிடுச்சே! இனிமேலாவது காலைத் தூக்காம ஒழுங்கா முங்கி எந்திரிங்க!"