ஊசியை விட்டாலும் மடியை விடேன்

முத்தியால்பேட்டை,
வெள்ளிக்கிழமை

தங்கை மகள் ஹேமலதாவுக்கு மாமா சுப்பிரமணியன் எழுதுவது. நீங்கள் மூவரும் சுகமாக இருக்கவேண்டும். நான் சுகமாக இல்லை, காரணம் நீ.

என் மடியில் நடக்கவேண்டிய உன் மகள் கலைவாணியின் காதுகுத்தை நிறுத்தியது அநியாயம். உனக்கு உடன்பிறந்தவன் இல்லாததால் தாய்மாமன் மடி என்னுடையதுதான். அதோடு விட்டாயா? "அங்க வந்து எங்கனா இடிச்சிக்கிட்டா ரத்தம் நிக்காது மாமா" என்று குழந்தையை இந்த வீட்டுக்கே அழைத்து வருவதில்லை. உங்கள் அரியாங்குப்பம் என்ன கடல் தாண்டியா இருக்கிறது?

நான் படிக்காமல் பேசவில்லை. காயம்பட்டால் ரத்தத்திலுள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓட்டையை அடைக்கவேண்டும். சேர்ந்து பிடிக்க அவற்றின் மேல் ஏற்பி என்று ஒரு கை உண்டு. கலைவாணிக்குப் பிறவியிலேயே அந்தக் கை இல்லை. எனக்கோ அதே கை இருதயக் குழாயில் வேண்டாமல் பிடிக்கப் பார்க்கிறது. பிடிக்காதிருக்க தினம் மாத்திரை. ஒரே குடும்பத்தில் இப்படியா பங்கு பிரிப்பது? என் இருதய டாக்டர் நிர்மலாவிடம் போனேன்.

"எங்கிட்ட மிச்சமா ஒட்டுதே, அத எடுத்துக் கொழந்தைக்கு ஏத்துங்கம்மா."

"தேவப்பட்டா ஏத்துவாங்க ஐயா. ஒங்க வயசுக்கும் மாத்திரைக்கும் ஒங்ககிட்ட எடுக்க மாட்டாங்க."

"மாத்திரைய நிறுத்திடறேன்."

"நிறுத்தினா நேரா மேல போயிடுவீங்க. முழுங்கிட்டு வீட்டுக்குப் போங்க."

வீட்டுக்கு வந்து மேசை முனைகளுக்குப் பழைய வேட்டியைச் சுற்றினேன். அலமாரிக்குக் கீழே தலையணை போட்டேன். அது தடுக்கி நானே விழுந்தேன். மாத்திரையின் புண்ணியத்தில் முழங்கை இன்னும் நீலமாக இருக்கிறது. அந்தப் பிஞ்சுக்குத் தினமும் இப்படித்தானா என்று நினைத்தேன்.

வாசலில் எந்த ஸ்கூட்டர் நின்றாலும் நீங்களோ என்று எழுந்து பார்க்கிறேன். கொரியர்காரன் சிரிக்கிறான்: "நானேதான் பெரியவரே, உள்ள போங்க."

ஆகவே காது குத்தும் ஊசியை விட்டுக்கொடுத்தேன். மடியை விடமாட்டேன். குத்தாமல் கவ்வுகிற கம்மல் கேட்டதற்குப் பத்தர் கமலக்கண்ணன், "ஓட்டையே இல்லாத காதுகுத்தா? சாப்பாடாவது உண்டா ஐயா?" என்றார். உண்டு. அவர் கம்மலைச் செய்து தரவேண்டும். உன் கணவர் ராஜவேல் வண்டியை மெல்ல ஓட்டி வரவேண்டும். மூக்கில் ரத்தம் வந்தால் என்ன செய்வதென்று நீ எனக்குச் சொல்லித்தர வேண்டும். நான் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும்.

கோபம் போக மீதி ஆசிகள் எல்லாம் உங்களுக்கே.

மாமா

பின்குறிப்பு: மேலே சொன்னதை யாரும் செய்யவேண்டாம். கம்மலும் வேண்டாம், கவ்வினால் கன்றிப்போகும். நீ குழந்தையை அழைத்து வரவேண்டும். அவள் என் மடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.